சான்று தந்தவர்களும் சோதனை கிட்டாதவர்களும்

புற்றுநோய்த் தடுப்பு குறித்த அறிவு மேலைநாடுகளில் உருவாகி நம்மிடம் வந்து சேர்ந்தது என்னும் எண்ணம் கல்விப்புலத்திலும் பரவலாக உள்ளது. வாய்ப்புற்று, கருப்பைவாய்ப் புற்று ஆகிய இரண்டின் வரலாறும் இவ்வெண்ணத்துக்கு மாறானது.

திருவிதாங்கூரில் வெற்றிலை பாக்கு மெல்லுவோரிடம் காணப்பட்ட வாய்ப்புற்று பற்றி, ஐ. எம். ஆர் என்னும் மருத்துவர் 1933-இல் 'லான்செட்' இதழில் எழுதினார். நோய்க்கும் அன்றாடப் பழக்கத்துக்கும் உள்ள உறவு அன்றே பேசுபொருளாயிற்று. பழக்கத்தை மாற்றினால் நோய் குறையுமா என்பது அடுத்த வினா. எர்ணாகுளம், பாவ்நகர், ஸ்ரீகாகுளம் மாவட்டங்களில் புகையிலை பயன்படுத்திய 36,000 பேரிடம் நடத்தப்பட்ட ஆய்வு 1986-இல் வெளியானது. அறிவுரை பெற்ற எர்ணாகுளத்து மக்களிடையே, புற்றுக்கு முன்னோடியான வெண்படலம் புதிதாகத் தோன்றுவது குறைந்திருந்தது.

மூன்றாவது வினா, நோயை முன்கூட்டியே கண்டறிவது பற்றியது. திருவனந்தபுரம் மாவட்டத்தில் பயிற்சி பெற்ற நலப்பணியாளர்கள் வீடு வீடாகச் சென்று வாயைச் சோதித்தனர். புகையிலை அல்லது மதுப் பழக்கம் உடையோரிடையே வாய்ப்புற்று இறப்பு 34 விழுக்காடு குறைந்ததாக 2005-இல் முடிவு வெளியாயிற்று. மும்பையின் குடிசைப் பகுதிகளில், பள்ளிக் கல்வி மட்டுமே பெற்ற உள்ளூர்ப் பெண்கள் பயிற்சிக்குப் பின் இப்பணியை ஏற்றனர். கருப்பைவாயில் நீர்த்த அசெட்டிக் அமிலத்தைத் தடவி, வெண்மையாக மாறும் இடத்தைக் கண்ணால் பார்ப்பதே சோதனை. கருப்பைவாய்ப் புற்றால் நேரும் இறப்பு 31 விழுக்காடு குறைந்தது.

மகாராட்டிரத்தின் உஸ்மானாபாத் (இன்றைய தாராசிவ்) மாவட்ட ஆய்வு 2009-இல் வெளியானது. ஒரே ஒரு முறை எச்.பி.வி. சோதனைக்கு அழைக்கப்பட்ட குழுவில் 34,126 பெண்கள் இருந்தனர். எட்டாண்டுகளில் இந்நோயால் 34 பேர் இறந்தனர். சோதனை வழங்கப்படாத குழுவிலிருந்த 31,488 பெண்களில் இறந்தோர் 64 பேர்.

மொழியியல் மாணவி என்ற முறையில் இங்கு ஒரு சொல்லில் நின்றுவிடுகிறேன். இந்த 64 பேர் இடம்பெற்ற குழுவுக்கு ஆய்வுமொழி இட்ட பெயர் 'கட்டுப்பாட்டுக் குழு'. அச்சொல்லில் மனிதர் எவரும் இல்லை. பலன் தருவதென ஏற்கெனவே அறியப்பட்ட சோதனை வகைகள் இருக்க, ஒரு சாராருக்கு எதுவும் அளிக்காதிருந்தது அறமா என்ற விவாதம் பின்னர் எழுந்தது. அந்நாளில் சோதனை ஏதுமின்மையே அப்பகுதிகளின் வழக்கமான நிலை என ஆய்வாளர்கள் விடையளித்தனர். அவ்விடையை ஏற்போரும் மறுப்போரும் உளர். ஆயினும் ஒன்றை இருசாராரும் மறுக்க இயலாது: அவ்வழக்கமான நிலையை மாற்றும் கடமையை இச்சான்றே நம்மீது சுமத்திவிட்டது.

அக்கடமையை எவ்வளவு நிறைவேற்றினோம்? வாய், மார்பகம், கருப்பைவாய்ப் புற்றுகளுக்கு 30 வயது முதல் ஐந்தாண்டுக்கு ஒருமுறை சோதனை என்று 2016-இல் நடுவண் அரசின் வழிகாட்டுதல் வெளியாயிற்று. ஆனால் 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, 30 முதல் 49 வயது வரையிலான இந்தியப் பெண்களில் கருப்பைவாய்ச் சோதனையை வாழ்நாளில் ஒருமுறையேனும் செய்துகொண்டவர்கள் 1.9 விழுக்காட்டினரே.

உலகம் கற்றுக்கொண்ட பாடம் நம் ஊர்ப் பெண்களின் உடலிலிருந்து எழுதப்பட்டது. இதைப் படித்து முடித்தபின், உங்கள் வீட்டில் முப்பதைக் கடந்த பெண்களிடம் அச்சோதனையைச் செய்துகொண்டதுண்டா என்று கேட்டுப் பாருங்கள். நான் என் அம்மாவிடம் கேட்டது, இக்கட்டுரைகளைப் படித்த பிறகுதான்.