ஷிகோகு யாத்திரையின் கைத்தடி

ஜப்பானின் நான்கு பெரிய தீவுகளில் மிகச் சிறியது ஷிகோகு. அதைச் சுற்றி அமைந்த 88 பௌத்த ஆலயங்களை இணைக்கும் யாத்திரை வழி ஏறத்தாழ 1200 கிலோமீட்டர் நீளம் கொண்டது. நடந்து முடிக்கப் பொதுவாக ஆறு, ஏழு வாரங்கள் ஆகும். ஷிங்கோன் பௌத்தப் பிரிவை ஜப்பானில் நிறுவிய கூகாயின் (774–835) நினைவோடு இந்த யாத்திரை இணைந்திருக்கிறது. மறைவுக்குப் பின் அவருக்கு வழங்கப்பட்ட பட்டப்பெயர் கோபோ தைஷி.

யாத்திரிகரின் உடைமைகள் குறைவு. வெள்ளை அங்கி, கோரைத் தொப்பி, தோள்பை, ஆலய முத்திரைகளைப் பெறும் ஏடு, கைத்தடி. கால்களுக்கு வைக்கோல் செருப்பு. அது விரைவில் தேய்ந்துவிடும் என்பதால் வழியோர ஊர்மக்கள் புதிய செருப்புகளைப் பின்னித் தானமாகக் கொடுத்தனர்.

இவற்றில் கைத்தடிக்கே முதலிடம். அதன் பெயர் கொங்கோஸுவே, அதாவது வஜ்ரக்கோல். அதைக் கோபோ தைஷியாகவே கருதுகிறார்கள். எனவே தனியாக நடப்பவரும் தனியாள் அல்ல. ‘இருவராகச் செல்லும் பயணம்’ என்ற பொருள்தரும் சொற்கள் தடியிலும் தொப்பியிலும் எழுதப்பட்டிருக்கும். தடியைப் பேணும் முறைகள் எல்லாம் இதிலிருந்தே வருகின்றன. மாலையில் விடுதியை அடைந்ததும் தன் கால்களைக் கழுவும் முன்பு தடியின் அடியைக் கழுவ வேண்டும். பிறகு அதை அறையின் மதிப்பான இடத்தில் வைக்க வேண்டும். தேய்ந்து பிசிறடித்த நுனியைக் கத்தியால் சீவக்கூடாது, கல்லில் உரசித்தான் நீக்க வேண்டும். பாலங்களின் மேல் தடியை ஊன்றுவதும் கூடாது. எஹிமே பகுதியின் ஓசு நகரில் தங்க இடம் கிடைக்காத கோபோ தைஷி ஒரு பாலத்தின் அடியில் படுத்தார், அந்த ஓரிரவு அவருக்குப் பத்து இரவுகளாக நீண்டது என்பது தொன்மம். இப்போதும் ஏதேனும் பாலத்தின் கீழ் அவர் உறங்கக்கூடும், தட்டி எழுப்பக்கூடாது.

தடியின் மேல்முனை ஐந்தடுக்குக் கல்லறைத் தூணின் வடிவில் செதுக்கப்பட்டிருப்பதற்குக் காரணம் கடுமையானது. எடோ காலத்தில் (1603–1868) இந்த வழியில் பலர் இறந்தனர். ஊராரால் விலக்கப்பட்ட தொழுநோயாளிகளும், வீடற்ற ஏழைகளும் திரும்பும் எண்ணமின்றி சுற்றிச்சுற்றி நடந்தார்கள். யாத்திரிகர்கள் வைத்திருந்த அனுமதிச் சீட்டுகளிலேயே, இவர் வழியில் இறந்தால் அவ்வூர் வழக்கப்படி அடக்கம் செய்துவிடலாம், சொந்த ஊருக்குச் செய்தி அனுப்ப வேண்டியதில்லை என்று எழுதப்படுவதுண்டு. இறந்தவருக்கு வெள்ளை அங்கி பிணக்கோடித் துணியானது. தொப்பி சவப்பெட்டி மூடிக்கு மாற்றாகியது, அதில் எழுதப்படும் செய்யுளும் சவப்பெட்டிகளில் எழுதப்படுவதே. புதைத்த இடத்தில் தடியை நட்டார்கள். யாத்திரிகர் தன் ஈமப்பொருட்கள் முழுவதையும் தானே சுமந்து நடந்தார் என்று சொல்லலாம்.

ஷின்னென் என்ற துறவி 1687-ல் வழிகாட்டி நூலை வெளியிட்டபின் சாதாரண மக்கள் பெருமளவில் வரத் தொடங்கினர். இன்று பெரும்பாலோர் பேருந்திலும் காரிலும் செல்கிறார்கள். நடப்பவர்களில் சிலர் நீட்டிச் சுருக்கும் அலுமினியக் கோல்களை விரும்புகிறார்கள். மலையிறக்கத்தில் முழங்காலுக்கு அவை உதவும்தான், ஆனால் அவற்றை யாரும் கழுவி மதிப்பான இடத்தில் வைப்பதாகத் தெரியவில்லை.

88-வது ஆலயமான ஒகுபோஜியில் பலர் தடியை ஒப்படைத்துவிடுகிறார்கள். முத்திரை ஏட்டை மட்டும் வீட்டுக்குக் கொண்டுசென்று, இறந்தபின் தன்னுடன் சவப்பெட்டியில் வைக்கும்படி சொல்லிவைப்பவர்கள் உண்டு.