கட்டத்தில் பிறந்த மயில்

நம் கல்லூரி பிறந்த அதே 1956இல்தான் நெசவாளர் சேவை மையங்களும் தொடங்கின. புபுல் ஜெயகர் முன்னின்று நடத்திய அம்மையங்களில், தறிக்கு டிசைன் வரைய ஓவியர்களையே அமர்த்தினார்கள். பின்னாளில் பெரும்புகழ் பெற்ற ஜோகன் சௌத்ரி 1968 முதல் சில ஆண்டுகள் சென்னையில் இந்த வேலை பார்த்தவர்தான்.

பட்டுப்புடவை என்றதும் பட்டு, சரிகை பற்றிப் பேசுகிறோம். கிராப் தாளை யார் பேசுகிறார்கள்? முந்தியில் மயில் வேண்டுமென்றால் முதலில் அது கட்டம் போட்ட தாளில் வரணும். நெடுக்கே ஒரு வரிசை ஒரு பாவு இழை. குறுக்கே ஒரு வரிசை ஒரு ஊடை. அங்குலத்துக்குப் பாவு எத்தனை, ஊடை எத்தனை என்று பார்த்துத் தாளைத் தேர்ந்தெடுக்காவிட்டால் துணியில் மயில் வாத்தாகிவிடும்! (ஸ்கேல் தப்பினால் என்ன ஆகுமென்று எங்களைப் போன்ற இன்ஜினியர்களுக்குச் சொல்லணுமா?) பிறகு ஊடைக்கு ஓர் அட்டை. வண்ணம் தீட்டிய கட்டத்துக்கு ஓட்டை. ஓட்டை உள்ள இடத்தில் கொக்கி ஏறிப் பாவைத் தூக்கும். லியான் நகரத்து ஜக்கார்டு 1804 வாக்கில் செய்த ஏற்பாடு.

அதே லியானில் பட்டு டிசைன்களைப் பதிவு செய்து காக்க 1806இலேயே சட்டம் வந்தது. இங்கும் 1911இலும் 2000இலும் சட்டங்கள் வந்தன. ஆனாலும் ஒரு புட்டா நன்றாக ஓடினால் அடுத்த தெருத் தறியில் அது ஏற எத்தனை நாள் ஆகும்? காஞ்சிப் பட்டின் புவிசார் குறியீடு காப்பது ஊர்ப் பெயரை, வரைந்தவர் பெயரையல்ல.

இப்போது கம்ப்யூட்டரில் வரைகிறார்கள். சக்கம்பட்டிப் பக்கமோ காஞ்சிப் பக்கமோ போகும் தம்பி, தங்கைகளே, பழைய கிராப் தாள் கண்ணில் பட்டால், வரைந்தவர் பெயரைக் கேட்டுப் பின்பக்கம் எழுதி வையுங்கள்.