வில் பிடித்த முதல் நாள்

அம்மையார்குப்பத்தில் தறிச் சத்தத்தைத் தாண்டி வெளியே வந்தால் ஆந்திர எல்லை. வடக்கே திருப்பதி, அதையும் தாண்டினால் காளஹஸ்தி. கண்ணப்பர் கதை நடந்த ஊர். சாமிக்குக் கண்ணைக் கொடுத்த வேடர் என்று குழந்தைக்குக்கூடத் தெரியும். ஆனால், அவர் முதன்முதலாக வில்லைத் தொட்ட நாள் எப்படியிருந்தது தெரியுமா?

12-ம் நூற்றாண்டில், இரண்டாம் குலோத்துங்கன் காலத்தில், சேக்கிழார் அதைப் பெரியபுராணத்தில் விலாவாரியாக எழுதி வைத்திருக்கிறார். அப்போது அவர் பெயர் திண்ணன். மகனுக்கு வில் கற்றுத்தர முடிவு செய்த நாகன், நாலாபக்கமும் சொல்லி அனுப்புகிறார். வேடர்கள் புலித்தோல், யானைத் தந்தம், மயில் பீலி, தேன், கிழங்கு என்று சுமந்துகொண்டு வருகிறார்கள். வில்லுக்குக் காப்பு. பையன் கையிலும் காப்பு, அதுவும் புலி நரம்பில் செய்தது! ஆறு நாள் விருந்து, கூத்து. ஏழாம் நாள், சூரியன் உச்சிக்கு வந்த நேரத்தில், கைதேர்ந்த ஆசான்கள் அவன் கையில் வில்லைக் கொடுக்கிறார்கள். ஒரு மாணவனின் முதல் வகுப்புக்கு ஊரே திருவிழா!

இப்போது பாரதத்துக்கு வாருங்கள். ஏகலைவனும் வேடன்தான். ஆனால், 'உனக்குச் சொல்லித்தர மாட்டேன்' என்றுவிட்டார் துரோணர். தானாகவே கற்றுக்கொண்டதற்கும் கூலியாகப் போனது கட்டை விரல். ஒரு சுவாரஸ்யம்... இன்று ஒலிம்பிக் வீரர்கள் நாணை இழுப்பது ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல் ஆகிய மூன்றால்தான். கட்டை விரலுக்கு அங்கே வேலையே இல்லை!

புதிதாக வருபவர் கையில் இன்றும் எடுத்த எடுப்பில் அம்பைத் தந்துவிட மாட்டார்கள். முதலில் நிற்கக் கற்க வேண்டும். பிறகு ரப்பர் பட்டையை இழுத்துப் பழகணும். அப்புறம்தான் இழுக்க லேசான வில், பக்கத்திலேயே இலக்கு. நாண் ஒவ்வொரு முறையும் முகத்தில் ஒரே இடத்தில் வந்து படணும். அம்பில்லாமல் நாணை இழுத்து விடவே கூடாது. அம்புக்குப் போகவேண்டிய வேகம் வில்லிலேயே இறங்கும். வில் உடைந்துகூடப் போகலாம்.

ராஜஸ்தானில் உதய்ப்பூர் பக்கம் ஒரு பழங்குடிப் பையன், மூங்கில் வில்லோடு காட்டில் திரிந்தான். 1987-ல் விளையாட்டு ஆணையம் நடத்திய தேர்வில் அவனைக் கண்டெடுத்தார்கள். அடுத்த வருடமே சியோல் ஒலிம்பிக்! 1992-ல் பெய்ஜிங்கில் நடந்த ஆசியப் போட்டியில், 30 மீட்டர் பிரிவில் 360-க்கு 358 எடுத்து உலக சாதனையைச் சமன் செய்தான். 2012-ல் பத்மஸ்ரீ விருது பெற்ற லிம்பா ராம்தான் அந்தப் பையன்.

ஏகலைவனிடமும் குறி இருந்தது, லிம்பாவிடமும் இருந்தது. ஒருவனைத் தேடி ஆள் வந்தார்கள், இன்னொருவனை விரட்டினார்கள். வித்தியாசம் அவ்வளவுதான். இன்று போட்டி வில்லின் விலை லட்சத்தைத் தாண்டுகிறது. புலித்தோலும் தேனும் சுமந்து ஊர்கூடி வந்த அந்த ஏழு நாளை நினைத்துப் பாருங்கள். ஒரு பிள்ளைக்கு முதல் வில்லைக் கையில் கொடுப்பது அன்று ஊர்ப் பொறுப்பாக இருந்தது. இன்று அது யார் பொறுப்பு?