தோட்டத்துப் பவர் ஹவுஸ்

வெலிமடையைச் சுற்றியுள்ள பழைய தேயிலைத் தோட்டங்களில் பவர் ஹவுஸ் எங்கே இருந்தது என்று கேட்டால், வயதானவர்கள் ஸ்டோருக்கு, அதாவது தேயிலைத் தொழிற்சாலைக்கு, கீழேயுள்ள பள்ளத்தைக் காட்டுவார்கள். மேலே ஓடையை மறித்து ஒரு சிறிய அணை. அங்கிருந்து மலைச்சரிவை ஒட்டியே வரும் கான் என்ற வாய்க்கால். கான் முடியும் இடத்தில் ஒரு தொட்டி, தொட்டியிலிருந்து செங்குத்தாக இறங்கும் இரும்புக் குழாய், அடியில் கற்சுவருக்குள் ஒரு டர்பைன். இங்கிலாந்தின் கெண்டல் ஊரிலிருந்து கில்க்ஸ் கம்பனி அனுப்பிய டர்பைன்கள் மலையகத் தோட்டங்கள் பலவற்றில் ஓடின. முதலில் அவை பெல்ட் வழியாகக் கொழுந்து உருட்டும் ரோலர்களைச் சுழற்றின. பிறகு டைனமோவைச் சுழற்றின. இலங்கைத் தோட்டங்களில் இப்படிச் சுமார் 500 இடங்கள் இருந்தன. இன்று அவற்றில் மிகப் பெரும்பாலானவை இல்லை.

பவர் ஹவுஸைப் பார்த்துக்கொண்டவருக்கு வேலை ராத்திரியில்தான். மழை பிடித்துவிட்டால் சருகும் சேறும் வந்து தொட்டியின் கம்பி வலையை அடைக்கும்; சாக்கைப் போர்த்திக்கொண்டு போய் வாரிப் போடவேண்டும். ஸ்டோரில் ரோலர் ஓடத் தொடங்கியதும் பல்ப் மங்கும்; உடனே வால்வைத் திருகி இன்னும் கொஞ்சம் தண்ணீர் விடுவார். பேரிங் சூடாகிறதா என்று உள்ளங்கையை வைத்துப் பார்ப்பார். எந்தத் தொழிற்பள்ளியும் அந்தக் கைப்பழக்கத்தை எழுதி வைக்கவில்லை. இயந்திரம் போனதைவிட அது போனதுதான் எனக்குப் பெரிய இழப்பு.

அந்த மின்சாரத்துக்கு பில் கிடையாது. ஓடை தோட்டத்தில், டர்பைன் தோட்டத்தில், கொழுந்து வாட்டும் விசிறியும் தோட்டத்தில். உண்டாக்குகிறவருக்கும் பாவிக்கிறவருக்கும் நடுவில் யாரும் இல்லை. கான் வெட்டும் ஆட்களின் சம்பளமும் எண்ணெயும் பெல்ட்டும்தான் செலவு. ஆனால் பவர் ஹவுஸின் மின்கம்பி பெரும்பாலும் ஸ்டோரோடும் துரை பங்களாவோடும் நின்றுவிட்டது. கானை வெட்டியவர்கள் குடியிருந்த லயத்தில் எரிந்தது மண்ணெண்ணெய்க் குப்பி விளக்கு. இதைச் சொல்லாமல் பவர் ஹவுஸுக்கு அஞ்சலி எழுதுவது அநியாயம்.

பவர் ஹவுஸ் ஒரே நாளில் சாகவில்லை. 1950இல் லக்ஷபான நீர்மின் நிலையம் ஓடத் தொடங்கியது. 1969இல் இலங்கை மின்சார சபை அமைந்தது. சபையின் கம்பி தோட்டத்து வாசல் வரை வந்தது. சபையின் மின்சாரம் மலிவு, ராத்திரியில் சருகு வாரும் வேலையும் இல்லை. 1972இலும் 1975இலும் காணிச் சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசின் கைக்குப் போயின. அதன் பிறகு மண் சரிந்து கான் உடைந்தால் கட்டுவதற்கு யாரும் அவசரப்படவில்லை. பித்தளையும் இரும்பும் பழைய இரும்பு விலைக்குப் போயின. 1980களில் பழைய பவர் ஹவுஸ்கள் சிலவற்றைத் திருத்தி ஓட்டிக் காட்டினார்கள், அது பரவவில்லை.

1990களின் நடுவில் அதே ஓடைகளுக்கு வேறொரு மதிப்பு வந்தது. 10 மெகாவாட்டுக்கு உட்பட்ட நிலையங்களிடமிருந்து மின்சார சபை மின்சாரம் வாங்க ஒரு பொது ஒப்பந்தம் வகுக்கப்பட்டது. பெப்ரவரி முதல் ஏப்ரல் வரை வறட்சிக்கால விலை, மற்ற மாதங்களுக்கு மழைக்கால விலை. மினி ஹைட்ரோ கம்பனிகள் மலையேறின. விற்க முடிந்தது, ஆனால் சபைக்கு மட்டுமே; 2009ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டமும் ஒரே கொள்வனவாளர் என்ற அந்த ஏற்பாட்டை மாற்றவில்லை. ஆகவே ஓடை ஒரு விலைக்குச் சபைக்குப் போனது. அதே ஓடையோரத்து ஸ்டோர் கைத்தொழில் கட்டணத்தில், உச்சக் கேள்விக்குத் தனிக் கட்டணமும் கட்டி, சபையிடமே வாங்கியது. பக்கத்து லயம் வீட்டுக் கட்டணத்தில் வாங்கியது.

2020 ஆகஸ்ட் 17ஆம் திகதி கொழும்புக்கு அருகேயுள்ள கெரவலப்பிட்டியில் ஏற்பட்ட கோளாறால் நாடு முழுவதும் இருண்டது. தேசியக் கம்பியில் மின்சாரம் இல்லாவிட்டால் மினி ஹைட்ரோ பெரும்பாலும் ஓடாது, தானாகவே நின்றுவிடும். பக்கத்தில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருக்க லயங்கள் இருட்டில் கிடந்தன. பழைய பவர் ஹவுஸ் இருந்திருந்தால் கொழும்பில் என்ன நடந்தாலும் அது ஓடியிருக்கும்.

விலையும் அப்படித்தான், லயத்தின் கையில் இல்லை. மாதம் 30 அலகுக்குள் பாவிக்கும் வீட்டுக்கு 2022 தொடக்கத்தில் ஓர் அலகு 2.50 ரூபா. 2023 பெப்ரவரியில் அது 30 ரூபா. இரண்டு பல்பும் ஒரு டீவியும் உள்ள லயத்து வீடு இந்த வகைக்குள்தான் வரும். அப்போது தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1000 ரூபா.

வெலிமடைக்குப் பக்கத்தில் புஹுல்பொலயில் உமா ஓயாவை மறித்திருக்கிறார்கள். தண்ணீர் சுரங்கம் வழியாகப் போய்க் கரந்தகொல்லயில் நிலத்தடியில் 120 மெகாவாட் தருகிறது. அந்த நிலையத்தை 2024 ஏப்ரல் 24ஆம் திகதி திறந்தார்கள். சுரங்கம் தோண்டும்போது 2014 கடைசியில் நீர் கசிந்து பண்டாரவளைப் பக்கத்தில் கிணறுகள் வற்றின, வீடுகளில் வெடிப்பு விழுந்தது. நாட்டுக்கு மின்சாரம் வேண்டும். பெரிய திட்டமே கூடாது என்று நான் சொல்லவரவில்லை. கிணறு வற்றியவர்களும் அந்த மின்சாரத்தை மற்ற எல்லாரையும்போல அதே கட்டணத்துக்கே வாங்குகிறார்கள் என்பதுதான் என் கவலை.

2024ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கச் சட்டம் மின்சார சபையைப் பிரித்து, உற்பத்தி, கடத்தல், விநியோகம் என்று தனித்தனிக் கம்பனிகளின் கையில் கொடுக்க வகை செய்தது. மொத்தச் சந்தை, போட்டி என்றெல்லாம் பேசினார்கள். முதல் மினி ஹைட்ரோ ஒப்பந்தங்களின் காலம் 15 ஆண்டுகள். அது எப்போதோ முடிந்துவிட்டது. அடுத்த ஒப்பந்தம் எழுதும்போது தொழிற்சங்கங்கள் ஒன்றைக் கேட்கவேண்டும்: தோட்டத்து ஓடையில் ஓடும் நிலையம், நாட்டுக் கம்பி அறுந்த நேரத்திலும் அந்தத் தோட்டத்து லயங்களுக்கு விளக்கெரிக்க வேண்டும், உற்பத்தி விலைக்கு ஒரு பங்கு அலகுகளை அவர்களுக்கு ஒதுக்கவேண்டும். செத்துப்போன பவர் ஹவுஸ் லயத்துக்குக் கொடுக்காமல் போன கடன் அது.