கடைசித் தளவாடம்

ஐரோப்பிய மொழிகள் பலவற்றில் இன்று ‘துல்சினேயா’ என்றால் மனத்தில் உயர்த்தி வைத்துப் போற்றப்படும் காதலி. 1605இல் மிகேல் தே செர்வாந்தெஸின் ‘டான் கிஹோத்தே’ நாவலில் பிறந்தபோது அந்தப் பெயருக்கு இருந்த வேலை வேறு. வீரக்கதைகளைப் படித்தே புத்தி பேதலித்த ஐம்பது வயதுக் கனவான், முப்பாட்டன் காலத்துக் கவசத்தைத் துடைத்து எடுக்கிறார். குதிரைக்குப் பெயர் யோசிக்க நான்கு நாள், தமக்கு எட்டு நாள். அதன் பிறகே காதலி இல்லாத குறை உறைக்கிறது. எப்போதோ மனத்துக்குள் விரும்பிய அல்தோன்சா லொரென்சோ என்ற குடியானவப் பெண்ணை நினைத்து, இனிமைக்கான ஸ்பானியச் சொல்லிலிருந்து ஒரு பெயரைச் செதுக்குகிறார். காதல் கனிந்து வந்த பெயரல்ல இது. கவசம், குதிரை வரிசையில் கடைசியாகச் சேர்ந்த தளவாடம்.

தளவாடம் என்பது கேலிக்காகச் சொன்னதல்ல. 12ஆம் நூற்றாண்டிலேயே தென் பிரான்சின் பாணர்கள் தலைவியைப் புனைபெயரால் மறைத்துப் பாடினார்கள். தாம் பாடிய லாரா என்றொருத்தி உண்டா என்று இத்தாலியக் கவிஞர் பெத்ரார்க்கிடம் அவர் நண்பரே சந்தேகப்பட்டார். 1585இல் ‘கலாத்தேயா’ என்ற மேய்ப்பர் காதல் கதையை வெளியிட்ட செர்வாந்தெஸுக்குக் காதலியைப் புனையும் இந்தத் தொழில் உள்ளிருந்தே தெரியும். அதனால்தான் பன்றி இறைச்சிக்கு உப்பிடுவதில் லா மான்சாவிலேயே கைதேர்ந்தவள் என்ற புகழையும் துல்சினேயாவுக்குச் சேர்த்துவிடுகிறார்.

பைத்தியக்காரனின் மயக்கத்துக்கு இவ்வளவு கணக்கா என்று கேட்கலாம். ஆனால் மயங்கியவர் அப்படிப் பேசுவதில்லை. கவிஞர்கள் பாடிய காதலிகளில் பெரும்பாலோர் கற்பனையே, தாம் அப்படி நம்பினால் போதும் என்று அவரே தம் பணியாள் சான்சோவிடம் சொல்கிறார். 1615இல் வந்த இரண்டாம் பாகத்தில், அவள் உண்மையில் இருக்கிறாளா என்பது கடவுளுக்கே வெளிச்சம் என்கிறார். அதே மனிதர் பார்சலோனாக் கடற்கரையில் தோற்று விழுந்து, முகத்துக்கு நேரே ஈட்டி நிற்கும்போதும் அவள் அழகை மறுக்க மறுக்கிறார். தாமே செய்தது என்று தெரிந்தும் விடாத இந்தப் பிடிவாதம், அகராதிப் பொருளுக்குள் அடங்கவில்லை.

உண்மையான பெண் இருந்தாள் என்போரும் உண்டு. நாவலில் அவள் ஊரான எல் தொபோசோவில் துல்சினேயாவின் வீடு என்றே ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. ஆனா மார்த்தினெஸ் சார்கோ என்ற சீமாட்டியே அவள் என்கிறது உள்ளூர் மரபு. சீமாட்டியாக இருந்திருந்தால் அல்தோன்சாவும் உப்பிட்ட இறைச்சியும் எதற்கு? நாவலில் நள்ளிரவில் அதே ஊரில் அவள் மாளிகையைத் தேடிப் போன டான் கிஹோத்தே முட்டிக்கொண்டது தேவாலயத்தில். பின்னர் வேறோர் ஊர் வீட்டு முற்றத்தில் அவளை நினைவூட்டிப் பெருமூச்சு விடவைத்தவை, எல் தொபோசோவில் வனைந்த பெரிய மண்சாடிகள்.