விழுப்புரம் மாவட்டத்தில் தொழிற்பழகுநர் பயிற்சி

தொழிற்பழகுநர் பயிற்சி என்பது ஒரு தொழிலை, அது நடைபெறும் இடத்திலேயே, உதவித்தொகை பெற்றுக்கொண்டு, ஒப்பந்தம் செய்த காலத்துக்குள் கற்றுக்கொள்ளும் முறை ஆகும். பேச்சு வழக்கில் இது அப்ரண்டிஸ் எனப்படுகிறது. இந்தியாவில் இப்பயிற்சி 1961 ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டத்தினால் நெறிப்படுத்தப்படுகிறது. படிப்பை முடித்த இளைஞருக்கு முதல் பணி அனுபவத்தைத் தருவதும், நிறுவனத்துக்குப் பழகிய கைகளை உருவாக்கித் தருவதும் இதன் நோக்கங்கள் ஆகும். தமிழ்நாட்டின் விழுப்புரம் மாவட்டத்தில், குறிப்பாக விழுப்புரம், திண்டிவனம் ஆகிய நகரங்களில், இப்பயிற்சி எவ்வாறு அமைந்துள்ளது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

பின்னணி

விழுப்புரம் மாவட்டம் 1993 செப்டம்பர் 30 அன்று தென்னார்க்காடு மாவட்டத்திலிருந்து பிரித்து உருவாக்கப்பட்டது. 2019 நவம்பரில் இதிலிருந்து கள்ளக்குறிச்சி மாவட்டம் தனியே பிரிக்கப்பட்டது. நெல், கரும்பு முதலியவற்றைச் சார்ந்த வேளாண்மையே இங்கு முதன்மைத் தொழில் ஆகும். அரிசி ஆலைகள், சர்க்கரை ஆலைகள், வாகனப் பழுதுநீக்கும் பட்டறைகள் ஆகியன உள்ளன. எனினும் பெரிய தொழிற்சாலைகள் நீண்ட காலமாகக் குறைவு. சென்னை - திருச்சிராப்பள்ளி நெடுஞ்சாலை திண்டிவனம், விழுப்புரம் ஆகிய இரு நகரங்களையும் இணைக்கிறது. இதனால் படித்த இளைஞர்கள் பலர் சென்னை, திருப்பெரும்புதூர், புதுச்சேரி ஆகிய இடங்களுக்கு வேலை தேடிச் செல்வது வழக்கமாக உள்ளது.

கல்வி நிலையங்களுக்கு இங்கு குறைவில்லை. இரு நகரங்களிலும் அரசு தொழிற்பயிற்சி நிலையங்கள் உள்ளன. விழுப்புரத்தில் அறிஞர் அண்ணா அரசு கலைக் கல்லூரியும், திண்டிவனத்தில் திரு ஆ. கோவிந்தசாமி அரசு கலைக் கல்லூரியும் செயற்படுகின்றன. அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புக் கல்லூரிகளாக இரு நகரங்களிலும் பொறியியல் கல்லூரிகள் 2008 இல் தொடங்கப்பட்டன. ஆகவே இங்குள்ள சிக்கல் படிப்பு இன்மை அன்று; படிப்புக்கும் வேலைக்கும் இடையிலான படி இன்மை ஆகும். அனுபவம் உள்ளவரையே நிறுவனங்கள் கேட்கின்றன. வேலையில் சேராமல் அனுபவம் கிட்டுவதில்லை. இந்த முடிச்சை அவிழ்க்கும் வழிகளில் ஒன்றாகவே தொழிற்பழகுநர் பயிற்சி கருதப்படுகிறது.

சட்ட வரலாறு

இந்தியாவில் இத்துறையின் முதற் சட்டம் 1850 இல் இயற்றப்பட்டது. ஆதரவற்ற, வறிய சிறுவரை ஒரு தொழிலில் பழக அமர்த்துவதே அதன் முதன்மை நோக்கமாக இருந்தது. விடுதலைக்குப் பின் தொழிற்சாலைகள் பெருகியபோது புதிய சட்டம் தேவைப்பட்டது. 1961 இல் நிறைவேறிய தொழிற்பழகுநர் சட்டம் 1962 மார்ச் 1 இல் நடைமுறைக்கு வந்தது. பின்னர் இச்சட்டம் பலமுறை திருத்தப்பட்டது.

1973: பொறியியல் பட்டதாரிகளும் பட்டயதாரிகளும் சேர்க்கப்பட்டனர்.
1986: மேல்நிலைப் பள்ளியில் தொழிற்பிரிவு பயின்றோர் சேர்க்கப்பட்டனர்.
2014: பொறியியல் அல்லாத பட்டதாரிகளுக்கும் வாய்ப்பு அளிக்கப்பட்டது. நிறுவனங்கள் தாமே வகுத்துக்கொள்ளும் விருப்பத் தொழிற்பிரிவுகள் அறிமுகமாயின. கடமை தவறும் உரிமையாளருக்கான சிறைத் தண்டனை நீக்கப்பட்டு, அபராதம் மட்டும் வைக்கப்பட்டது.

பழகுநர் வகைகள்

தொழிற்பிரிவுப் பழகுநர் என்போர் ஃபிட்டர், டர்னர், வெல்டர், எலக்ட்ரீசியன், மோட்டார் வாகன மெக்கானிக் போன்ற பிரிவுகளில் பயிற்சி பெறுவோர் ஆவர். தொழிற்பயிற்சி நிலையச் சான்றிதழ் பெற்றவர்களும், நேரடியாகப் பள்ளியிலிருந்து வருவோரும் இதில் சேரலாம். தொழில்நுட்பப் பழகுநர் என்போர் பட்டயப் படிப்பு முடித்தவர்கள். பட்டதாரிப் பழகுநர் என்போர் பட்டம் பெற்றவர்கள். பிந்திய இரு வகையினருக்கும் பயிற்சிக் காலம் பொதுவாக 1 ஆண்டு ஆகும். பழகுநராகச் சேரக் குறைந்தது 14 வயதும், இடர் மிகுந்த தொழில்களில் 18 வயதும் நிறைந்திருக்க வேண்டும்.

நிறுவனங்களின் கடமை

2019 இல் திருத்தப்பட்ட விதிகளின்படி, 30 அல்லது அதற்கு மேற்பட்ட பணியாளர்களைக் கொண்ட நிறுவனம் பழகுநர்களைச் சேர்ப்பது கட்டாயம் ஆகும். ஒப்பந்தப் பணியாளர்களையும் சேர்த்துக் கணக்கிட்ட மொத்த எண்ணிக்கையில் 2.5% முதல் 15% வரை பழகுநர்கள் இருக்க வேண்டும். எடுத்துக்காட்டாக, 40 பேர் பணிபுரியும் ஓர் ஆலை குறைந்தது 1 பழகுநரையும் அதிகமாக 6 பழகுநர்களையும் சேர்க்கலாம். 4 முதல் 29 பேர் வரை உள்ள சிறு நிறுவனங்களுக்கு இது விருப்பத்தைப் பொறுத்தது. விழுப்புரம் போன்ற மாவட்டத்தில் பெரும்பாலான பட்டறைகளும் கடைகளும் இந்தச் சிறு நிறுவன வகைக்குள் அடங்குவன. ஆகையால் இங்கு சட்டத்தின் கட்டாயத்தைவிட உரிமையாளரின் விருப்பமே பயிற்சி இடங்களின் எண்ணிக்கையைப் பெரிதும் தீர்மானிக்கிறது.

பழகுநர் பயில்பவரே அன்றித் தொழிலாளர் அல்லர் எனச் சட்டம் கூறுகிறது. எனவே வருங்கால வைப்பு நிதியும் தொழிலாளர் அரசு காப்பீடும் இவர்களுக்குப் பொருந்தா. ஆனால் உடல்நலம், பாதுகாப்பு, நலவாழ்வு குறித்த தொழிற்சாலை விதிகள் பொருந்தும். பயிற்சியின்போது விபத்து நேரின் இழப்பீடு வழங்கப்பட வேண்டும். உற்பத்தி செய்த எண்ணிக்கையைக் கணக்கிட்டு உதவித்தொகை வழங்குதல் கூடாது. உரிய ஒப்புதல் இன்றி மிகைநேர வேலை வாங்குதலும் கூடாது. தகுதி பெற்ற ஒருவரைப் பயிற்சிப் பொறுப்பாளராக நிறுவனம் அமர்த்த வேண்டும்.

உதவித்தொகையும் அரசின் பங்கும்

2019 ஆம் ஆண்டு விதிகள் வகுத்த குறைந்தளவு மாத உதவித்தொகை வருமாறு:

5 முதல் 9 ஆம் வகுப்பு வரை பயின்றோர்: 5,000 ரூபாய்
10 ஆம் வகுப்புத் தேறியோர்: 6,000 ரூபாய்
12 ஆம் வகுப்புத் தேறியோர், தொழிற்பயிற்சி நிலையச் சான்றிதழ் பெற்றோர்: 7,000 ரூபாய்
பட்டயதாரிகள்: 8,000 ரூபாய்
பட்டதாரிகள்: 9,000 ரூபாய்

இத்தொகையை 36% உயர்த்துமாறு மத்தியத் தொழிற்பழகுநர் மன்றம் 2025 மே மாதத்தில் பரிந்துரைத்தது.

நிறுவனங்களின் சுமையைக் குறைக்க இரு மத்திய அரசுத் திட்டங்கள் உள்ளன. முதலாவது 2016 ஆகத்து 19 அன்று தொடங்கப்பட்ட தேசியத் தொழிற்பழகுநர் ஊக்குவிப்புத் திட்டம் ஆகும். இதன்படி உதவித்தொகையில் 25 விழுக்காட்டை, அதிகமாக 1,500 ரூபாய் வரை, அரசு ஏற்றது. 7,000 ரூபாயில் கால் பங்கு 1,750 ரூபாய் ஆயினும், உச்ச வரம்பு காரணமாக அரசின் பங்கு 1,500 ரூபாயாகவும் நிறுவனத்தின் பங்கு 5,500 ரூபாயாகவும் அமைந்தன. தொடக்கத்தில் நிறுவனம் முழுத்தொகையையும் கொடுத்துவிட்டு அரசிடம் பின்னர் கேட்டுப்பெற வேண்டியிருந்தது. சிறு உரிமையாளர்களுக்கு இந்தத் தாள்வேலை பெருந்தடையாக இருந்தது. 2023 ஆகத்து முதல் அரசின் பங்கு பழகுநரின் வங்கிக் கணக்கிலேயே செலுத்தப்படலாயிற்று.

இரண்டாவது, கல்வி அமைச்சின் கீழுள்ள தேசியத் தொழிற்பழகுநர் பயிற்சித் திட்டம் ஆகும். பட்டதாரிகளுக்கும் பட்டயதாரிகளுக்குமான இத்திட்டத்தில் உதவித்தொகையின் பாதியை அரசு ஏற்கிறது. தென் மாநிலங்களுக்கான தொழிற்பழகுநர் பயிற்சி வாரியம் சென்னைத் தரமணியில் உள்ளது.

விழுப்புரம்

விழுப்புரத்தைத் தலைமையிடமாகக் கொண்ட தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகம் மாவட்டத்தின் முதன்மையான பயிற்சி நிறுவனங்களுள் ஒன்றாகும். 1975 இல் தந்தை பெரியார் போக்குவரத்துக் கழகம் என்ற பெயரில் தொடங்கப்பட்ட இக்கழகம் 1997 இல் இப்பெயரைப் பெற்றது. விழுப்புரம், கடலூர், வேலூர், திருவண்ணாமலை, காஞ்சிபுரம், திருவள்ளூர் ஆகிய மண்டலங்கள் இதன் கீழ் உள்ளன. இங்கு பட்டதாரி, பட்டயப் பழகுநர்கள் தரமணி வாரியத்தின் வழியாகத் தேர்ந்தெடுக்கப்படுகின்றனர். பணிமனையில் பேருந்தின் எஞ்சினைப் பிரித்துச் சேர்ப்பதும், தடுப்பு அமைப்பைச் சரிபார்ப்பதும் வகுப்பறையில் முழுமையாகக் கற்க இயலாதவை. பழுது நீங்கிய பேருந்து மறுநாள் பயணிகளுடன் சாலைக்குச் செல்லும் என்பதால், இங்கு செய்யும் பிழைக்கும் திருத்தத்துக்கும் உடனடி விளைவு உண்டு.

விழுப்புரம் ஒரு தொடர்வண்டிச் சந்திப்பும் ஆகும். தென்னக இரயில்வேயின் திருச்சிராப்பள்ளிக் கோட்டத்தைச் சேர்ந்த இந்நகரத்தின் இளைஞர்கள் பொன்மலை, பெரம்பூர், போத்தனூர் ஆகிய இடங்களிலுள்ள பணிமனைகளின் பழகுநர் இடங்களுக்கு விண்ணப்பிக்கலாம். அண்டைய கடலூர் மாவட்டத்தின் நெய்வேலியில் உள்ள என்எல்சி இந்தியா நிறுவனமும் பழகுநர்களைச் சேர்க்கிறது.

திண்டிவனம்

திண்டிவனம் சென்னைக்கும் விழுப்புரத்துக்கும் இடையில், புதுச்சேரி, திருவண்ணாமலை ஆகிய ஊர்களுக்குச் செல்லும் சாலைகள் பிரியும் இடத்தில் அமைந்துள்ளது. இங்கு தமிழ்நாடு மாநிலத் தொழில் முன்னேற்றக் கழகமான சிப்காட், உணவு பதப்படுத்தும் தொழில்களுக்கான பூங்காவை அமைத்துள்ளது. 2024 ஆகத்து மாதத்தில் டாபர் நிறுவனம் இங்கு 400 கோடி ரூபாய் முதலீட்டில் தொழிற்சாலை அமைக்கத் தமிழ்நாடு அரசுடன் புரிந்துணர்வு ஒப்பந்தம் செய்தது. தென்னிந்தியாவில் அந்நிறுவனத்தின் முதல் தொழிற்சாலையாக இது அறிவிக்கப்பட்டது.

30 பேருக்கு மேல் பணிபுரியும் ஒவ்வொரு புதிய ஆலையும் சட்டப்படி பழகுநர் இடங்களைத் திறக்க வேண்டும். ஆகவே தொழிற்பூங்கா வளருமானால், திண்டிவனத்து மாணவர் ஊரை விட்டு அகலாமல் பயிற்சி பெறும் வாய்ப்பும் வளரும். அதற்கு அவ்வாலைகளில் உள்ள தொழில்களுக்கு ஏற்ற பாடப்பிரிவுகள் அருகிலுள்ள பயிற்சி நிலையங்களில் இருத்தல் வேண்டும். தமிழ்நாடு அரசு டாடா டெக்னாலஜிஸ் நிறுவனத்துடன் இணைந்து 71 அரசு தொழிற்பயிற்சி நிலையங்களைத் தொழில் 4.0 மையங்களாகத் தரம் உயர்த்தியது இத்தகைய முயற்சிகளில் ஒன்றாகும்.

சேரும் முறை

பழகுநர் இடங்கள் மத்திய அரசின் இணையவாயில்களில் அறிவிக்கப்படுகின்றன. தொழிற்பிரிவுப் பழகுநர்களுக்கும், பட்டதாரி, பட்டயப் பழகுநர்களுக்கும் தனித்தனி இணையவாயில்கள் உள்ளன. விண்ணப்பதாரர் தேர்வானபின் நிறுவனத்துடன் ஒப்பந்தம் செய்துகொள்கிறார். 18 வயது நிறையாதவருக்காகப் பெற்றோர் அல்லது காப்பாளர் கையெழுத்திட வேண்டும். ஒப்பந்தம் பதிவு செய்யப்பட்டதா என்பதைப் பழகுநர் உறுதிசெய்துகொள்வது இன்றியமையாதது. பதிவு இல்லாத பயிற்சிக்குத் தேசியச் சான்றிதழ் கிடைக்காது. ஒப்பந்த விதிகளை நிறைவேற்ற நிறுவனம் தவறியதால் அது முறிந்தால் பழகுநருக்கு இழப்பீடு உண்டு. பழகுநர் தவறினால் பயிற்சிச் செலவை அவர் ஈடுசெய்ய நேரலாம்.

மாவட்ட வேலைவாய்ப்பு மற்றும் தொழில்நெறி வழிகாட்டும் மையமும் வழிகாட்டல்களை வழங்குகிறது. தனியார்துறை வேலைவாய்ப்பு முகாம்களும் தொழிற்பழகுநர் சேர்க்கை முகாம்களும் நடத்தப்படுகின்றன. 2022 மார்ச் 1 அன்று தொடங்கப்பட்ட நான் முதல்வன் திட்டம் மாணவர்களுக்குத் திறன் பயிற்சிகளை வழங்குகிறது.

பயிற்சிக்குப் பின்

பயிற்சியும் தேர்வும் முடித்த தொழிற்பிரிவுப் பழகுநர் தேசியத் தொழிற்பழகுநர் சான்றிதழ் பெறுகிறார். பயிற்சி அளித்த நிறுவனம் அவருக்கு வேலை வழங்கியே ஆக வேண்டும் எனச் சட்டம் கூறவில்லை. எனினும் பழகுநர்களைப் பணியமர்த்துவது குறித்துத் தனக்கென ஒரு கொள்கையை ஒவ்வொரு நிறுவனமும் வகுக்க வேண்டும் என 2014 திருத்தம் கூறுகிறது.

உத்தரப் பிரதேச மாநிலச் சாலைப் போக்குவரத்துக் கழகம் தொடர்பான வழக்கில் 1995 இல் இந்திய உச்ச நீதிமன்றம் முக்கியமான தீர்ப்பு வழங்கியது. பிற தகுதிகள் சமமாக இருப்பின் நேரடி விண்ணப்பதாரரைவிடப் பயிற்சி பெற்ற பழகுநருக்கு முன்னுரிமை தர வேண்டும் எனவும், அவருக்கு வேலைவாய்ப்பகப் பரிந்துரை தேவையில்லை எனவும் அத்தீர்ப்பு கூறியது. இந்திய இரயில்வே, தன் நிறுவனங்களில் பயிற்சி முடித்தோருக்கு முதல் நிலைப் பணிகளின் நேரடித் தேர்வில் 20% இடங்களை ஒதுக்கியது.

விமர்சனங்கள்

குறைந்த செலவில் வேலை வாங்கும் வழியாகச் சில நிறுவனங்கள் பழகுநர் முறையைப் பயன்படுத்துகின்றன என்பது முதன்மையான விமர்சனம் ஆகும். கற்றுத்தரும் பொறுப்பாளர் இன்றி, ஒரே வேலையை ஆண்டு முழுவதும் செய்விப்பது சட்டத்தின் நோக்கத்துக்கு மாறானது. பயிற்சி முடித்தும் வேலை கிடைக்காத நிலை மற்றொரு குறை. 2018 மார்ச் 20 அன்று மும்பையில் மாட்டுங்கா - தாதர் இடையே இரயில்வே பழகுநர்கள் வேலை கோரி மறியல் செய்தது இதன் வெளிப்பாடு ஆகும்.

உதவித்தொகையின் அளவும் விவாதத்துக்கு உரியது. வெளியூரில் அறை வாடகையும் உணவுச் செலவும் போக 7,000 ரூபாயில் எஞ்சுவது மிகக் குறைவு. ஆகவே வறிய குடும்பத்து இளைஞர், பயிற்சியை விடுத்து உடனே கூடுதல் ஊதியம் தரும் கூலி வேலைக்குச் செல்ல நேர்கிறது. உள்ளூரிலேயே பயிற்சி இடம் அமைவது இத்தகையோருக்குப் பெரிதும் உதவும். உரிமையாளர் தரப்பிலோ, பயிற்சி பெற்றவர் பெரிய நிறுவனத்துக்குச் சென்றுவிட்டால் தம் செலவு வீணாகும் என்ற அச்சம் உள்ளது.

பிற நாடுகளில்

செருமனியில் இரட்டை முறை எனப்படும் தொழிற்கல்வி வழக்கில் உள்ளது. மாணவர் வாரத்தில் சில நாள்கள் நிறுவனத்திலும் எஞ்சிய நாள்கள் தொழிற்பள்ளியிலும் பயில்கிறார். 1969 இல் இயற்றப்பட்ட தொழிற்பயிற்சிச் சட்டம் இதனை நெறிப்படுத்தியது. தேர்வுகளைத் தொழில் வணிகக் கழகங்கள் நடத்துகின்றன. இலங்கையில் 1971 இல் தேசியப் பயிலுநர் சட்டம் இயற்றப்பட்டது. அங்கு தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழிற் பயிற்சி அதிகாரசபை இப்பணியை மேற்கொள்கிறது.

இவற்றையும் பார்க்க

தொழிற்பயிற்சி நிலையம்
வேலைவாய்ப்பகம்
விழுப்புரம் மாவட்டம்
திண்டிவனம்
நான் முதல்வன் திட்டம்