வெட்ஜ் பாங்க்: ஆறு கப்பல்களின் கணக்கு

கச்சத்தீவு பற்றிக் கேட்டால் அக்குறணையில் என் மாணவர்களும் ஏதாவது சொல்வார்கள். வெட்ஜ் பாங்க் என்றால் ஆசிரியர் அறையிலும் மௌனம்தான். மலைநாட்டாருக்குக் கடல் தூரமல்லவா!

கன்னியாகுமரிக்குத் தெற்கேயுள்ள மீன்வளம் மிக்க அந்தக் கடலடி மேட்டில் நம் இழுவைக் கப்பல்கள் பிரித்தானியர் காலத்திலேயே மீன்பிடித்தன. 1976 மார்ச் 23இல் கைமாறிய கடிதங்கள் அதற்கு முடிவு கட்டின. இந்தியா பொருளாதார வலயத்தை நிறுவியதிலிருந்து 3 ஆண்டுகள். அனுமதிபெற்ற 6 கப்பல்கள். ஆண்டுக்கு 2,000 தொன். பிறகு விலகவேண்டும். விலகியபின் 5 ஆண்டுகளுக்கு அதே 2,000 தொன்னை இந்தியா பேசித் தீர்த்த விலைக்குத் தரும். பிடித்த மீன் வாங்கும் மீனானது இப்படித்தான்.

கப்பல்களுக்காவது தவணை கிடைத்தது. அனுமதியின்றி ஒருவர் கடலில் மற்றவர் மீன்பிடிக்கலாகாது என்ற அக்கடிதம், பாக்கு நீரிணையின் வள்ளக்காரருக்கு ஒரு நாள் தவணையும் எழுதவில்லை.